வால் ஆடினால் போதுமா?

வைட்ஃபீல்டுக்குக் குடிவரும் நம் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. காவிரித் தண்ணீர் வருமா, டேங்கர்தானா? பள்ளிக்கூட பஸ் எந்த முனையில் நிற்கும்? நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும்? இவற்றுக்கு அடுத்தபடியாக, சற்றே குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் தெருவில் நாய்கள் எப்படி?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023-ம் ஆண்டு பெங்களூரு மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 2.79 லட்சம் தெரு நாய்கள் இருப்பதாகத் தெரிய வந்தது. அவற்றில் மிக அதிகமானவை, 58,000-க்கும் மேல், நம் வைட்ஃபீல்ட் அடங்கிய மகாதேவபுர வட்டாரத்தில்தான் இருந்தன. ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து காடுகோடி வரை காலையில் ஒரு நடை நடந்தால் இந்தக் கணக்கை யாரும் சொல்லாமலே நம்பிவிடலாம்.

இந்த ஊரின் வரலாறும் இதற்கு ஒரு காரணம். 1882-ம் ஆண்டு மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென்று வழங்கிய நிலத்தில் எழுந்த குடியிருப்பு இது. டி.எஸ். வொயிட் என்பவரின் பெயரையே ஊர் தாங்கி நிற்கிறது. வட்ட வட்டமாகத் தெருக்கள், பெரிய தோட்டங்கள், ஓட்டு வீடுகள், சுற்றிலும் இம்மடிஹள்ளி, நல்லூரஹள்ளி, நாகொண்டனஹள்ளி போன்ற கிராமங்கள் என்று நூறு ஆண்டுகள் அமைதியாக இருந்தது. தொண்ணூறுகளில் டெக் பார்க் வந்தது. அதன் பின்னாலேயே அடுக்குமாடிகளும் வந்தன. கிராமத்து வாசலில் படுத்திருந்த நாய் இடம் மாறவில்லை. அதைச் சுற்றித்தான் சுவர் எழுந்தது.

இப்போது ஏறக்குறைய எல்லா அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று சோறு வைக்கும் கட்சி. மற்றொன்று, பிடித்துக்கொண்டு போங்கள் என்று மனுக் கொடுக்கும் கட்சி. பொதுக்குழு கூடினால் பார்க்கிங் விவகாரத்தைக் காட்டிலும் இதில்தான் குரல் உயர்கிறது. இரு சாராரும் நாயைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நாய் என்ன சொல்கிறது என்று கவனிப்பவர்கள் இரு பக்கத்திலும் குறைவு. கடி என்பது பெரும்பாலும் நாயின் முதல் வார்த்தை அல்ல. அதற்கு முன் அது நாலைந்து வார்த்தைகளாவது சொல்லியிருக்கும். நாம் கேட்டிருக்க மாட்டோம்.

வாலில் இருக்கிறது பாதிச் சேதி

"வாலை ஆட்டுகிறது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிச் சொல்லியே நம்மவர்களில் பலர் கடி வாங்கியிருக்கிறார்கள். வால் ஆடுவதற்கு ஒரே பொருள்தான் உண்டு: நாயின் மனத்தில் ஏதோ கிளர்ச்சி இருக்கிறது. அது மகிழ்ச்சியா கோபமா என்பதை வால் எந்த உயரத்தில் நிற்கிறது, எப்படி ஆடுகிறது என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

இடுப்போடு சேர்ந்து உடம்பே வளைந்து வளைந்து ஆடினால், வாலும் தளர்ந்து அகலமாக வீசினால், அது நட்பு. நாம் வாலைக் குழைப்பது என்று சொல்வது இதைத்தான். வால் கம்பி போல விறைத்து மேலே நின்று, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது எச்சரிக்கை. தாழ்த்திய வால், கால்களுக்கிடையில் இடுக்கிய வால் இரண்டும் பயம். பயந்த நாய்க்கு ஓட வழியிருந்தால் ஓடும். வழி இல்லாவிட்டால்தான் கடிக்கும். மூலையில் மாட்டிக்கொண்ட நாயிடம் இரக்கப்பட்டுக் கையை நீட்டுவது ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே நம் நாட்டு நாய்களுக்கென்று ஒரு குறிப்பு. நம் தெரு நாய்களில் பலவற்றுக்கு வால் இயல்பாகவே மேல் நோக்கிச் சுருண்டிருக்கும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வால் மேலே இருக்கிறது, கோபமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நாய் சும்மா படுத்திருக்கும்போதும் நடக்கும்போதும் வால் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாறுதல் தெரியும். தினமும் பார்க்கும் தெருவில் இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-ம் ஆண்டு 30 நாய்களை வைத்து ஒரு விந்தையைக் கண்டார்கள். எஜமானைக் கண்டால் நாயின் வால் அதன் வலப்பக்கம் சற்று அதிகமாக வீசுகிறதாம். மிரட்டும் தோற்றமுள்ள அன்னிய நாயைக் கண்டால் இடப்பக்கம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருமுனையில் நின்று யாரும் இதை அளந்து கொண்டிருக்க முடியாது. நமக்கு விறைப்பா, தளர்வா என்பது தெரிந்தாலே போதும்.

சார்லஸ் டார்வின் 1872-ம் ஆண்டிலேயே, உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றிய தமது நூலில் இரண்டு நாய்ப் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். சண்டைக்கு நிற்கும் நாய் காதையும் வாலையும் நிமிர்த்தி, முதுகு மயிர் சிலிர்த்து நேராக நிற்கிறது. அன்போடு பணியும் நாய் உடம்பைத் தாழ்த்தி வளைகிறது. ஒன்றுக்கு மற்றது நேர் எதிர். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்ல இதைவிட எளிய படம் கிடையாது.

கொட்டாவியும் ஒரு சொல்

வாலுக்கு அடுத்தது முகம். நார்வே நாட்டைச் சேர்ந்த தூரிட் ருகோஸ் என்ற நாய்ப் பயிற்சியாளர் நாய்களின் 'அமைதிச் சைகைகள்' பற்றி எழுதிய சிறு புத்தகம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. அவர் சொன்ன எல்லாவற்றையும் விஞ்ஞானிகள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆயினும் அவர் சுட்டிக்காட்டிய சைகைகளை ஒரு முறை தெரிந்துகொண்டால் பிறகு கண்ணில் படாமல் போகாது.

தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாத இடத்தில் மூக்கையும் உதட்டையும் சட்டென்று நக்கிக்கொள்ளும். நாம் நெருங்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். ஒன்றுமில்லாத தரையை முக்கியமான காரியம் போல முகரத் தொடங்கும். நனையாமலே உடம்பைச் சிலிர்த்து உதறும். "எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் நல்லது" என்று இவற்றுக்கு அர்த்தம் கொள்ளலாம். வேண்டாத விருந்தாளி எதிரே உட்கார்ந்திருக்கையில் நாமும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

இதற்கும் நாம் நகராவிட்டால் அடுத்த படி வரும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். முகம் திரும்பியிருக்க, கண் மட்டும் நம்மைப் பார்ப்பதால் விழியோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். உடம்பு அசையாமல் உறைந்து நிற்கும். இந்த உறைதல்தான் மிகவும் கவனிக்க வேண்டியது, ஏனெனில் பார்ப்பவர்களுக்கு அது "எவ்வளவு சாதுவாக நிற்கிறது!" என்று தோன்றும். பிறகு உறுமல், பல்லைக் காட்டுதல், கடைசியில் கடி.

உறுமிய நாயை அடிப்பது நம் வீடுகளில் சகஜம். அது பெரிய தவறு. உறுமல் ஓர் எச்சரிக்கை மணி. அடித்து அடித்து உறுமலை நிறுத்திவிட்டால் நாய் திருந்திவிடாது; அடுத்த முறை மணி அடிக்காமலே கடிக்கும்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியையும் இங்கே ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். குரைக்கிற நாயும் கடிக்கும். குரைப்பு என்பது இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

தப்பு செய்துவிட்டுத் 'திருட்டு முழி' முழிக்கும் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சில சமயம் மாற்றிச் சொல்லப்படும். தின்ற நாய், தின்னாத நாய் என்ற பேதமில்லாமல், திட்டு வாங்கிய நாய்தான் அந்த முழியை முழித்தது. நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது நம் கோபத்தைக் கண்டு அது காட்டும் அச்சம்.

குழந்தைகள் விஷயம் தனி

கட்டுரையில் மற்றதை விட்டாலும் பெற்றோர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், சிறு குழந்தைகளுக்குப் பல்லைக் காட்டி மிரட்டும் நாயைக் காட்டியபோது அவர்களில் பலர் நாய் சிரிக்கிறது என்றார்களாம். நாலு வயதுக் குழந்தைக்குப் பல் தெரிந்தால் சிரிப்பு. அது முகத்தை நாயின் முகத்தருகே கொண்டுபோகும். குழந்தைகளுக்கு ஏற்படும் கடிகள் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் அதிகமாக இருப்பதற்கு அவர்களின் உயரம் மட்டுமல்ல, இதுவும் காரணம்.

குழந்தைகள் அன்பைக் கட்டிப்பிடித்துக் காட்டுவார்கள். நாய்களுக்கிடையே அப்படி ஒரு வழக்கம் இல்லை. மேலே கை போட்டு அமுக்குவது அவற்றுக்கு மிரட்டல். வீட்டில் வளர்ந்த நாய் பொறுத்துக்கொள்கிறது என்றால் பிடித்திருக்கிறது என்று பொருளல்ல. ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தை பிள்ளைகள் அந்த நாய்க்கு அன்னியர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாய் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாலும் தடவச் சொல்கிறது என்று எப்போதும் பொருளில்லை. உடம்பு தளர்ந்து நெளிந்தால் சரி. விறைத்துப் போய், வாலை இடுக்கி, முகத்தைத் திருப்பியிருந்தால் "என்னை விட்டுவிடு" என்று கேட்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு எளிய வழி இருக்கிறது. முதலில் நாயின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். பிறகு நாயைக் கேட்க வேண்டும். நாயைக் கேட்பது எப்படி? நேராகப் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, கண்ணைக் கண் பார்க்காமல், கையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பது. வந்து முகர்ந்தால் சம்மதம். வராவிட்டால் இல்லை என்று பதில் வந்துவிட்டது. வந்தால் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்த வேண்டும். நாய் மேலும் நெருங்கி வந்தால் தொடரலாம், விலகினால் விட்டுவிடலாம். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய் இந்த நான்கிடமும் கேள்வியே வேண்டாம்.

தெருவில் நடக்கும்போது

தெரு நாயை மூர்க்கப் பிராணியாக மட்டுமே பார்ப்பவர்கள், கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளைக் கேள்விப்பட வேண்டும். 2017-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்பின் தெரியாத மனிதர் மீது நம்பிக்கை வளர உணவைவிட அன்பான தடவலே அதிகம் உதவியது என்று கண்டார்கள். 2020-ல் வெளிவந்த மற்றொன்றில், எந்தப் பயிற்சியும் இல்லாத தெரு நாய்களுக்கு இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் பயத்தில் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் பத்துக்கு எட்டு, சுட்டிய கிண்ணத்துக்கே போயின. அந்த வராத பாதியை நினைத்துப் பாருங்கள். மனிதரிடம் வாங்கிய அடியின் நினைவு அவற்றில் எத்தனைக்கு இருந்திருக்குமோ!

நம் தெரு நாய்கள் கன்னடம் கேட்டு வளர்ந்தவை. 'பா' என்றால் வரும், 'ஹோகு' என்றால் போகும். ஆனால் நம் 'ஏய், போ' என்பதும் புரிந்துவிடுகிறது. அது நம் சொல்லைவிட நம் தோளையும் காலையும் கவனித்துப் படிக்கிறது. நேராக விறைத்து நடந்து அதன் கண்ணைப் பார்த்தபடி போனால் சண்டைக்கு வருகிறோம் என்று நினைக்கும். அதே தூரத்தைச் சற்று வளைந்து, வேறெங்கோ பார்த்தபடி கடந்தால் பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிடும்.

துரத்தினால் என்ன செய்வது? ஓடக்கூடாது. ஓடுகிறதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். நம்மால் அதைவிட வேகமாக ஓடவும் முடியாது. அப்படியே நின்று, கைகளை மடக்கி நெஞ்சோடு வைத்து, தரையைப் பார்க்க வேண்டும். அசையாத மனிதரிடம் நாய்க்குச் சுவாரசியம் சீக்கிரம் போய்விடும். பிறகு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கலாம். கையில் பையோ குடையோ இருந்தால் நடுவே பிடித்துக்கொள்ளலாம். தள்ளிவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் வேகத்தைக் கூட்டித்தான் விழுகிறார்கள். காயம் பல சமயம் பல்லால் வருவதைவிடத் தார்ச்சாலையால் வருவதே அதிகம். வேகத்தைக் குறைத்தால் துரத்தலின் ருசி போய்விடும்.

குனிந்து கல்லெடுப்பது போலப் பாவனை செய்வது நம் ஊர் வழக்கம். அன்றைக்குப் பலிக்கும். ஆனால் ஒவ்வொரு பாவனையும் குனிகிற மனிதர் ஆபத்தானவர் என்று அந்த நாய்க்குக் கற்றுக்கொடுக்கிறது. நாளைக்குச் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியும் குழந்தைதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று காலம். நம் நாட்டுத் தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடிந்ததும் இணை சேர்ந்து, குளிர்காலத்தில் குட்டி போடுகின்றன. முதலில் ஆண் நாய்களின் கூட்டமும் சண்டையும், பிறகு டிசம்பர், ஜனவரியில் குட்டிகளைக் காக்கும் தாயின் சீற்றமும் இதனால்தான். காரின் அடியிலோ காலி மனையிலோ குட்டிகள் இருக்கும் தெருவைச் சில வாரம் சுற்றிப் போவது நல்லது. காது நுனியில் சிறு வெட்டு உள்ள நாயைப் பார்த்தால் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆனது என்று அறியலாம். இந்தக் கருத்தடை முறையை இந்தியாவில் அறுபதுகளிலேயே தொடங்கியது சென்னையின் புளூ கிராஸ் என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சோறு வைப்பவர்களுக்கும் சட்டம் வழி சொல்லியிருக்கிறது. 2023-ம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, குடியிருப்போர் சங்கம்தான் உணவிடும் இடத்தை ஏற்பாடு செய்ய வேண்டும். அது குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உணவிட இடம் குறிக்கச் சொன்னது. இரு கட்சிகளும் இதைப் படித்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

கடித்துவிட்டால்

முதல் வேலை குழாயடிக்குப் போவது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். சதையில் போடும் ஊசியானால் கடித்த அன்று, பிறகு 3, 7, 14, 28-ம் நாட்கள். தோலில் போடும் முறையில் 14-ம் நாள் ஊசி இல்லை. ரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். அதை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம். குட்டி நாய்தானே, லேசான பிறாண்டல்தானே, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து கடியை மறைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து 2005-க்கு முன்பே நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது ஊசி புஜத்தில்தான். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் காவல்காரரும் கடிபட்டால் கூலி போகுமே என்று சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம் என்று அவர்களுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு கற்கள்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறு மீட்டு மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து நின்று காத்தது என்று கல்லே பெயர் சொல்லிக் கூறுகிறது.

அதற்குத் துணையாக ஒன்று கன்னட நாட்டிலும் இருக்கிறது. கி.பி. 949-ல் நம் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மடிந்தான். அதில் கங்க மன்னன் பூதுகனுக்காகப் போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பிறகு ஒரு பெரும் காட்டுப் பன்றியோடு மோதியது, இரண்டும் செத்தன. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கோயிலின் எதிரே அதற்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி உணவு கொள்ளக் கூடாது என்று சாசனம் கட்டளையிடுகிறது. நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்தோடு அந்தக் கல் இன்று பெங்களூரு கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு உரியது.